சடைப் பின்னல் சாக்ஸ் குதிகாலில் நின்றுவிடுவது ஏன்?

மூணாறில் டிசம்பர் பிறந்ததும், ஒரு கையில் உல்லன் நூல்கண்டும் மறு கையில் ஃபோனுமாக என் பின்னல் வகுப்புக்கு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஜனவரியில் சில விடியற்காலைகளில் தேயிலைக்காட்டுப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். ஃபோனில் அவர்கள் காட்டுவது பெரும்பாலும் ஒரே வகைப் படம்தான்: கெண்டைக்காலிலிருந்து விரல்நுனி வரை சடை சடையாக முறுக்கேறிய கேபிள் சாக்ஸ். சாக்ஸ் மாதிரிகளை வடிவமைத்து எழுதிக் கொடுப்பதும் என் தொழில் என்பதால், அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்களுடைய காலைப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு ஜோடி வீணானதே காரணம்.

கொழுந்து எடுக்கும் வேலையில் இருக்கும் ஓர் அக்காவுக்காக நான் வடிவமைத்த முதல் கேபிள் சாக்ஸ் அது. அவருடைய பாதத்தின் சுற்றளவு 9 அங்குலம். காலோடு ஒட்டி நிற்க, பாதத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகப் பின்ன வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அங்குலத்துக்கு 8 கண் (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்) விழும் மெல்லிய நூலில் அது ஏறக்குறைய 64 கண்ணுக்கு வந்தது. எட்டால் மிச்சமில்லாமல் வகுபடும் எண் என்பதில் எனக்கு மகிழ்ச்சி வேறு: முகப்பில் வழவழப்பாகத் தெரியும் நிட் கண் ஆறில் ஒரு சடை, சிறு மேடாகத் தெரியும் பர்ல் கண் இரண்டில் ஒரு பள்ளம், ஆக எட்டுச் சடைகள் அழகாகச் சுற்றி வந்தன. முடித்து அவருடைய லயத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். விரல்கள் நுழைந்தன, பாதி பாதமும் நுழைந்தது, குதிகாலில் நின்றுவிட்டது. இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "கைக்கு வேணா போட்டுக்கலாம் டீச்சர்" என்றார், சிரிக்காமல்.

மூன்று கண்களைத் துணை ஊசியில் நிறுத்திவிட்டு, அவற்றுக்கு அடுத்த மூன்றை முதலில் பின்னி, பிறகு நிறுத்தியவற்றைப் பின்னுவதுதான் கேபிள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் கண்கள் பக்கவாட்டில் இடத்தை விட்டுக்கொடுக்கின்றன. முதுகு முழுக்கப் பரவிக் கிடந்த கூந்தல், சடை போட்டதும் கயிற்றின் அகலத்துக்கு வந்துவிடுகிறதல்லவா, அதேதான் இங்கும். என் கையில் ஆறு கண் சடை ஒன்று நான்கு கண்ணின் இடத்தையே பிடிக்கிறது. அப்படியானால் எட்டுச் சடைகளும் சேர்ந்து 64 கண்ணை 48 கண்ணின் அகலத்துக்கு, அதாவது 6 அங்குலத்துக்கு, ஒடுக்கியிருந்தன. போதாததற்கு, குறுக்கே கடந்த கண்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்பதால், வெறும் பின்னலைப் போல அந்தத் துணி இழுத்த இழுப்புக்கு வராது. நான் அளந்ததோ பாதத்தின் சுற்றளவை. சாக்ஸ் தாண்ட வேண்டியிருந்ததோ, குதிகால் முனையிலிருந்து புறங்கால் வளைவு வரை சாய்வாகச் சுற்றும் அளவை. அந்த அக்காவுக்கு அது 12½ அங்குலம்.

இப்போது அதே காலுக்கு 64 கண் ஏற்றி, மேல் பட்டையை ரிப்பாக (நிட்டும் பர்லும் நெடுக்கு வரிகளாக மாறி மாறி வரும் பின்னலாக) பின்னி முடித்ததும் 68 ஆக்குகிறேன். முன்பக்கத்தில் இரண்டே சடைகள், ஒவ்வொன்றுக்கும் 2 கண் கூடுதல். எட்டுச் சுற்றுக்கு ஒருமுறைதான் முறுக்கு. சடைகளுக்கு நடுவே நிட்டும் பர்லும் சுற்றுக்குச் சுற்று இடம் மாறி வரும் மாஸ் பின்னலை வைக்கிறேன். ரிப் சுருங்குவது போலல்லாமல் இது பக்கவாட்டில் பரவும், சடை பறித்த அகலத்தில் கொஞ்சத்தை ஈடுகட்டும். குதிகால் பின்பக்கத்து 32 கண்ணில் வெறும் பின்னலாகவே வளர்கிறது. விரல்பகுதி தொடங்கும் சுற்றில், முன்பக்கத்தில் கூட்டிய நான்கு கண்ணையும் சடைக்குள்ளேயே குறைத்துவிட்டால் இருபுறமும் 32 ஆகிவிடும். வலது காலுக்குத் துணை ஊசியைத் துணிக்குப் பின்னால் நிறுத்தினால் இடது காலுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். அப்போதுதான் சடைகள் எதிரெதிராகச் சாயும்.

உள்ளங்காலில் எந்த வேலைப்பாடும் வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். ரப்பர் பூட்டுக்குள் நாள் முழுக்க நிற்கும் காலுக்கு, பர்ல் கண்ணின் சிறு மேடுகூட மாலைக்குள் தடம் பதித்துவிடும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு அந்த உறுத்தல் தெரியாது, புண்ணான பிறகே தெரியும். அவர்கள் கேட்டால் கேபிள் சாக்ஸ் பின்னித் தருவதில்லை. தையல் மேடும் இறுக்கமான பட்டையும் இல்லாத வெறும் பின்னல் போதும், அதையும் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடச் சொல்கிறேன். (மழைக்காலத்தில் அட்டைக்காக நீள சாக்ஸ் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணுக்குக் கண் இடைவெளி உள்ள பின்னலில் அட்டை நிதானமாக நுழைந்துவிடும்.)

அளவு பார்க்கப் பின்னும் சிறு துண்டை, சாக்ஸைப் போலவே வட்டமாக, சடையும் மாஸும் சேர்த்தே பின்ன வேண்டும். முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பின்னும்போது பர்ல் வரிசையில் கையின் இறுக்கம் மாறிவிடுவது உண்டு. அதைத் துவைத்து உலர்த்திய பிறகே அளக்க வேண்டும், ஏனென்றால் இயந்திரத்தில் துவைக்கத் தக்கதாகப் பக்குவப்படுத்திய கம்பளி நூல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து நீளும். இங்கே ஜூன், ஜூலையில் அந்தத் துண்டு காய்வதற்கே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் சாக்ஸைத் தொடங்கிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குவதுதான் கடினம்.

மாதிரியைப் பள்ளிக்கூடத்து வரைபடத் தாளில் வரைபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தாளில் கட்டம் சதுரம். நூலில் கண் உயரத்தைவிட அகலம் கூடியது, அங்குலத்துக்கு அகலத்தில் 8 என்றால் உயரத்தில் 11 சுற்று வரும். ஆகவே தாளில் நெடிதாகத் தெரியும் சடை காலில் குட்டையாக இறங்கும். வட்டப் பின்னலுக்கான வரைபடத்தை எல்லா வரிசையிலும் வலமிருந்து இடமாக, கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும் என்பதும் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய நமக்குச் சில நாள் உதைக்கும்.

நான் எழுதிக் கொடுக்கும் தாளில் முதல் வரியாக இப்போது பாதச் சுற்றளவுக்குப் பக்கத்திலேயே குதிகால் சாய்வளவும் இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்தோ போடியிலிருந்தோ ஃபோனில் ஆர்டர் சொல்கிறவர்கள் செருப்பு நம்பரை மட்டும் சொன்னால், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மறுபடி அழைக்கும்படி சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது எண் வராமல் நூல்கண்டைப் பிரிப்பதில்லை.