சளி பிடிச்சிருக்கு, ஊசி போடலாமா?

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்ட லயனில் இருக்கும் ஒரு தாய் போனில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "பாப்பாவுக்கு சளி பிடிச்சிருக்கு, ஊசி போடலாமா?" இன்னொருவர் கேட்கிறார்: "மூக்கு ஒழுகுதுக்கா, இந்தப் புதன்கிழமை வரணுமா?" இரண்டும் ஒரே கேள்விதான். ஆனால் இரண்டிலும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. தடுப்பூசி நாளை நினைவூட்டி, தாய்மார் கேள்விக்குப் பதிலும் சொல்லும் சாட்பாட்டுக்கு, அதாவது உரையாடும் மென்பொருளுக்கு, இது எப்படிப் புரிகிறது?

ஒவ்வொரு வாக்கியத்தையும் அது நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றிக்கொள்கிறது. வரைபடத்தில் ஊருக்கு இடம் குறிப்பது மாதிரி. ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகியதால், ஒரே மாதிரிச் சூழலில் வரும் பேச்சுகளுக்குப் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைக்கிறது. சளியும் மூக்கு ஒழுகுவதும் அடுத்தடுத்த ஹட்டிகள் (படுகர் ஊர்கள்) போல் உட்கார்ந்துவிடும். அப்புறம், மருத்துவர்கள் முன்பே எழுதி வைத்த பதில்களில் எது அருகில் இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கிறது: லேசான சளிக்கும் லேசான காய்ச்சலுக்கும் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். மூடுபனி விலகாத மலையில் சளி இல்லாத நாளுக்காகக் காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். அருகில் எந்தப் பதிலும் இல்லையென்றால் ஊகிக்கக் கூடாது. கேள்வியைக் கிராம சுகாதார செவிலியருக்கு அனுப்பிவிட வேண்டும்.

இப்போதைய மொழி மாதிரிகள், அதாவது ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய மென்பொருள்கள், பதிலைத் தாமே எழுதவும் செய்யும். அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துக் கோப்பதால் பேச்சு சரளமாக வரும். தப்பாகச் சொல்லும்போதும் அதே சரளம்தான், எனக்குப் பயம் அங்கேதான். அதனால் ஊசி போடும் தேதியை மட்டும் அதன் கையில் விடக் கூடாது. அது சாதாரணக் கூட்டல் கணக்கு, தனி நிரல் போடட்டும்.

2026 ஜனவரி 1 பிறந்த குழந்தைக்கு, 6 வார ஊசிக்கான நாள் பிப்ரவரி 12, வியாழன். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன் என்பதால் பிப்ரவரி 18க்கு வரச் சொல்ல வேண்டும். அம்மா மார்ச் 4 அன்றுதான் வர முடிந்தது என்றால்? அடுத்த தவணைக்குக் குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும், ஆக ஏப்ரல் 1. தாமதமானதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இது தெரியாமல், "விட்டுப்போச்சு, இனி போய் என்ன ஆகப்போகுது" என்று இருந்துவிடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும்.

6, 10, 14 வாரங்களில் அடுத்தடுத்து ஊசி. அதற்குப் பிறகு 9 மாதம் வரை, கிட்டத்தட்ட அரை வருடம், பெரிய இடைவெளி. 9 மாதத்தில்தான் தட்டம்மை, ரூபெல்லா ஊசி. தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து, பாதுகாப்பில்லாத 12 முதல் 18 பேருக்குத் தொற்றலாம். குன்னூரில் 1907 முதல், தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் இருக்கிற நீலகிரி மாவட்டம் இது. மருந்து செய்யும் இடம் பக்கத்தில் இருந்தும், நாள் தவறாமல் குழந்தையிடம் கொண்டுசேர்ப்பது தனி வேலையாகத்தான் இருக்கிறது. நினைவூட்டல் அதிகம் தேவைப்படுவது இந்த அரை வருடத்தின் முடிவில்.

மலைக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. சிக்னல் சாலை வளைவில்தான் கிடைக்கும், போன் கணவர் பையில் இருக்கும். "நாளை ஊசி" என்ற செய்தி வியாழக்கிழமை வந்து சேர்ந்தால் வீண்குழப்பம். "18ஆம் தேதி புதன்" என்று தேதியோடு, ஞாயிற்றுக்கிழமையே அனுப்ப வேண்டும். குரல்வழிச் செய்தியும் வேண்டும். ஆனால் படுகு, இருளர் மொழிக் குரல்களைப் போதிய அளவு கேட்டுப் பழகாத இயந்திரம் அவற்றில் தடுமாறும். அங்கே மனிதக் குரல்தான் சரி.

"போன தடவை ராத்திரி பூரா காய்ச்சல், எனக்கு பயமா இருக்கு" என்று எழுதும் அம்மாவுக்கு, ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வருவது வழக்கம்தான் என்று சாட்பாட் சொல்லலாம். மருந்தின் அளவை அது சொல்லக் கூடாது. வலிப்பு என்ற சொல் வந்தால் வேறு பேச்சே இல்லாமல் 108ஐ அழைக்கச் சொல்ல வேண்டும்.

செவ்வாய் சாயங்காலம் நர்ஸம்மாவின் போனுக்கு ஒரு பட்டியல் போக வேண்டும்: யார் வருகிறார்கள், யாருக்குப் பஸ் இல்லை, யார் பயப்படுகிறார்கள். பயப்படுகிறவருக்கு நர்ஸம்மா முதலில் போன் செய்யட்டும்.