தண்ணீர்ப் பந்துக்கு எதற்கு ஸ்கேன்?

பல்கலைக்கழக இமேஜிங் மையம் ஒன்றில் ஆராய்ச்சிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்ட வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "காலையில் முதல் ஆளாகப் போனேன். எனக்கு முன்பே ஒரு தண்ணீர்ப் பந்தை உள்ளே வைத்து ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். படம் எடுப்பது மெஷின்தானே, அங்கே ஏன் இத்தனை பேர்? பந்துக்குள் எதைப் பார்க்கிறார்கள்?"

தெரிந்த பாடத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன், அதன் புரோட்டான் ஒரு குட்டிக் காந்தம். வலுவான காந்தப்புலத்தில் அது பம்பரம் போலத் தலையாட்டிச் சுற்றும். அதே அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு அத்தனை முறை அதிரும் ரேடியோ அலையை அனுப்பினால் வாங்கிக்கொண்டு, பிறகு தானும் மெல்லிய ரேடியோ அலையைத் திருப்பித் தரும். 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலுவின் அலகு) காந்தத்தில் அந்தச் சுற்று நொடிக்குச் சுமார் 12.8 கோடி முறை. புலம் துளி கூடினால் சுற்றும் அதே விகிதத்தில் கூடும். 1973இல் பால் லாட்டர்பர் பிடித்துக்கொண்டது இதைத்தான். புலத்தை வேண்டுமென்றே ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்துவிட்டால், எந்த அதிர்வெண்ணில் அலை வருகிறது என்பதை வைத்தே எந்த இடத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். அதிர்வெண்தான் முகவரி. இதற்காக அவரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சரி, யார் அந்த ஆட்கள்? வாசலில் ரேடியோகிராஃபர், அதாவது ஸ்கேன் மெஷினை இயக்கிப் படமெடுப்பவர். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் கிளிப் உண்டா, எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் பட்டதா என்று கேட்டதையே திரும்பக் கேட்பவர். அவர்மேல் எரிச்சல்படாதீர்கள். அந்தக் காந்தத்தின் கம்பிச்சுருள் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கி, மின்தடையே இல்லாமல் இரவும் பகலும் இயங்குகிறது. ஸ்கேன் நடக்காத நேரத்திலும் காந்தம் காந்தம்தான். 2001இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில், அறைக்குள் வந்துவிட்ட ஆக்சிஜன் சிலிண்டரைக் காந்தம் இழுத்ததில் உள்ளே படுத்திருந்த 6 வயதுச் சிறுவன் இறந்தான். அந்த ஒரே கேள்வியை அவர் மூன்று முறை கேட்பது இதற்காகத்தான்.

அப்புறம் பொறியாளர், தரவு ஆய்வாளர், எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால் பார்த்துச் சொல்லும் மருத்துவர். இவர்களோடு எம்.ஆர்.ஐ. இயற்பியலாளர். இவர் செய்யும் ஒரு வேலையைத்தான் நான் ஆசையோடு சொல்ல வந்தேன். அதன் பெயர் ஷிம்மிங்.

ஆடுகிற மேசையின் காலுக்கடியில் அட்டையை மடித்துச் சொருகுவோமே, அதற்கு ஆங்கிலத்தில் ஷிம் என்று பெயர். இங்கே ஆடுவது காந்தப்புலம். அதிர்வெண்தான் முகவரி என்றால், அடிப்படைப் புலம் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே நொடிக்கு 128 சுற்று மாறிவிடும். மெஷினைப் பொருத்தும்போதே காந்தத்தின் உட்சுவரில் மெல்லிய இரும்புத் துண்டுகளை அங்கங்கே சொருகி இந்தச் சீரைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதைக் கெடுப்பவர் யார் தெரியுமா? உள்ளே படுக்கும் நாம்தான்.

திசு காந்தப்புலத்தைச் சற்றே விலக்கும். காற்று அப்படிச் செய்வதில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் புலம் கோணிப்போகும். மூக்குக்கு மேலே, நெற்றிக்குள், காதை ஒட்டி என்று தலை முழுக்கக் காற்றறைகள். அதனால் அவற்றை ஒட்டிய மூளைப் பகுதிகள் வேகமாக எடுக்கும் படங்களில் பல மில்லிமீட்டர் இடம் தவறித் தெரியும், சில சமயம் மங்கி மறைந்தே போகும். இதைச் சரிசெய்ய, நூலிழை நேர இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கிறார்கள். அந்த இடைவெளியில் எந்தப் புள்ளியின் பம்பரம் முந்தியது, எது பிந்தியது என்று பார்த்தால் புலத்தின் மேடுபள்ளம் வரைபடமாக வந்துவிடும். பிறகு கூடுதல் சுருள்களில் அளந்து மின்சாரம் விட்டு, மேட்டைத் தணித்துப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். ஒவ்வொரு தலைக்கும் புதிதாக. தலையை அசைத்தால் மறுபடியும். மூச்சில் நெஞ்சு விரிந்து சுருங்குவதுகூட மூளைக்குள் புலத்தை இம்மியளவு அசைக்கிறது. இதைப் படித்தறிந்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

இதயத்தைப் படமெடுக்கும்போது வேறொரு விசித்திரம். துடிப்போடு ஒத்துப் படமெடுக்க ஈ.சி.ஜி. வேண்டும். ரத்தமோ மின்சாரம் கடத்தும் உப்புத் திரவம். காந்தத்துக்குள் அது பெருநாடியில் பாயும்போது டைனமோ போலத் தானே மின்னழுத்தம் உண்டாக்குகிறது. ஈ.சி.ஜி. கோட்டில் துடிப்பின் பெரிய முனைக்குப் பின்னால் வரும் டி அலை என்ற சிறு மேடு உயர்ந்துவிட, மெஷின் அதையே துடிப்பென்று எண்ணி ஏமாறும். மின்முனைகளை எங்கே ஒட்டினால் இந்தக் குழப்பம் குறையும் என்பது அனுபவப்பட்ட ரேடியோகிராஃபரின் கைக்குத் தெரியும்.

ரத்தம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ரத்தத்தில் இரும்பு இருப்பதால் காந்த வளையல் ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று நம்பிப் பணத்தைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள். பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவான காந்தத்துக்குள் படுத்தவரின் ரத்தமே ஒரு பக்கமாக இழுபடுவதில்லை. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியின் இரும்பு போன்றதல்ல. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதே இல்லை, ஆக்சிஜனை இழந்ததை மட்டும் மிகமிக லேசாக ஈர்க்கிறது என்று 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் கண்டார்கள். அந்த லேசான வித்தியாசம் படத்தில் தெரிகிறது என்று 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்த மாற்றம் சில சதவீதம்தான். மெஷின் தானாகவே அந்த அளவு தடுமாறினால், மூளை பேசியதா மெஷின் உளறியதா என்று பிரிக்க முடியாது.

ஆகவேதான், மெஷினுக்கு நிதி ஒதுக்கிவிட்டு அதைப் பேணும் ஆட்களுக்கு நிரந்தர வேலை தராமல் ஒப்பந்தத்திலேயே ஓட்டுவது பெரும் தவறு என்று நினைக்கிறேன். பத்து வருடமாக ஒரே காந்தத்தோடு பழகியவர் கிளம்பிப்போனால், அவர் அறிந்தது எந்தக் கையேட்டிலும் மிஞ்சாது.

இனி அந்தப் பந்து. அதற்கு ஃபேண்டம் என்று பெயர். உள்ளே உப்பு ஏதாவது கரைத்த தண்ணீர். அது மூச்சு விடாது, அசையாது, நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கும். எனவே படத்தில் இன்று ஏதாவது மாறியிருந்தால் மாறியது மெஷின்தான். பந்து உருண்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சீரான காந்தப்புலத்தில் எந்தப் பொருளை வைத்தாலும் புலம் கொஞ்சம் மாறும். ஆனால் முழு உருண்டைக்குள் அந்த மாற்றமும் எங்கும் ஒரே அளவாக இருக்கும், மேடுபள்ளம் வராது. பந்தின் படத்தில் ஒரு மூலை மங்கினாலோ, குறுக்கே ஒரு கோடு ஓடினாலோ, எந்தச் சுருள் பழுது, அறைக்குள் எங்கிருந்து ரேடியோ அலை கசிகிறது என்று தேடத் தொடங்குவார்கள். அது கிடைக்கும்வரை உங்களை உள்ளே படுக்க வைக்க மாட்டார்கள்.