பக்கத்து வீட்டு வலையும் உங்கள் பிள்ளையைக் காக்கும்: கென்யாவின் இலவசக் கொசுவலைத் திட்டம்

கென்யாவில் விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயா, ஹோமா பே, புசியா போன்ற இடங்களில் மலேரியா வருஷம் முழுக்க இருக்கும். 2006இல் அரசு அங்கெல்லாம் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று மருந்து தோய்த்த கொசுவலைகளை இலவசமாகக் கொடுத்தது. 2011 முதல் வீட்டில் உள்ள எல்லோருக்கும், இரண்டு பேருக்கு ஒரு வலை என்ற கணக்கில் கொடுக்கிறது.

சாவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள்தானே, பெரியவர்களுக்கு எதற்கு வலை?

இதற்கான விடை சியாயா பக்கத்து அசெம்போவிலேயே கிடைத்தது. 1990களின் பிற்பகுதியில் அங்கு நடந்த ஆய்வில், வலை கொடுக்காத வீடுகளையும் கவனித்தார்கள். வலை உள்ள ஊரிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே பாதுகாப்பு கிடைத்திருந்தது! மலேரியாக் கொசு ராத்திரியில் ஆள் தூங்கும் இடத்தைத் தேடி வரும். வலைமேல் உட்கார்ந்தால் காலில் மருந்து பட்டுச் செத்துவிடும். மலேரியா உள்ளவரைக் கடித்த கொசுவின் உடம்பில் கிருமி வளர்ந்து அடுத்தவருக்குப் பரவ பத்து நாளாவது ஆகும். அத்தனை நாள் அது உயிரோடு இருந்தால்தானே? தாத்தா படுக்கும் வலையில் சாகும் கொசு, பேரனைக் கடிக்கப் போவதில்லை. ஊரில் பாதிப் பேராவது வலைக்குள் படுத்தால்தான் இந்தப் பலன் நன்றாகத் தெரியும்.

சரி, வாங்குவது எப்படி? விநியோகத்துக்கு முன் சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாக வந்து ஆள் கணக்கு எடுப்பார்கள். வீட்டில் உள்ள ஒருவரையும் விடாமல் சொல்ல வேண்டும். ஒரு விநியோகத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவமனைகளிலேயே வலை கிடைக்கும்.

புது வலையை ஒரு நாள் நிழலில் விரித்துவிட்டுக் கட்டுங்கள். சாதாரண சோப்பில் அலசி, நிழலிலேயே காயவைக்க வேண்டும். வெயில் பட்டால் மருந்து போய்விடும். ஏரிக்கரையில் ஒமேனா என்னும் பொடிமீனை இந்த வலைமேல் காயப்போடுவதும் உண்டு. பிழைப்புக்காகச் செய்கிறார்கள், திட்ட மனசு வரவில்லை. ஆனால் கிழிந்து பழசானதை அதற்கு எடுத்துக்கொண்டு, நல்லதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம்.

பல வீடுகளில் பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். பகலில் அங்கே ஆள் புழங்குவதால் வலை கட்டாமலே விட்டுவிடுகிறார்கள். நான்கு ஆணி அடித்து மாட்டி, காலையில் சுருட்டி மேலே முடிந்துவிட்டால் போதும். ராத்திரி இறக்கி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.