எச்சம்: நில அளவைக் கணக்கில் மிஞ்சி நிற்பது

கோணங்களாலும் தூரங்களாலும் இணைத்த புள்ளிகளின் சர்வே வலைப்பின்னலை, அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சரிக்கட்டி முடித்ததும் கணினி தரும் அறிக்கையில் 'ரெசிடுவல்' என்றொரு பகுதி இருக்கும். களத்தில் எடுத்த அளவுக்கும் சரிக்கட்டிய அளவுக்கும் உள்ள வித்தியாசம் அது. இதைப் 'பிழை' என்று எழுதுவது தவறு. பிழை என்றால் உண்மை அளவிலிருந்து விலகிய தூரம். உண்மை அளவு யாருக்கும் தெரியாது. 'மீதி' வகுத்தல் கணக்குக்குப் போய்விட்டது. 'எச்சம்' என்பதே சரி.

லத்தீனில் 'ரெசிடேரே' என்றால் பின்னால் தங்கி உட்கார்வது. தமிழில் அஞ்சு அச்சமானது போல, மிஞ்சு மிச்சமானது போல, எஞ்சு எச்சமானது. 'வந்த', 'வந்து' என்று பொருள் முடியாமல் நிற்பதைப் பெயரெச்சம், வினையெச்சம் என்கிறோம். பறவை எச்சம் நினைவுக்கு வருகிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" என்ற குறளில் வருவதும் இதே சொல்தான். அங்கே அதற்கு மக்கள் என்றும் புகழ் என்றும் உரை சொல்வார்கள். விட்டுச் சென்றதை வைத்து ஆளை எடைபோடுவது போலத்தான் சர்வேயரும் அளவை எடைபோடுகிறார்.

ஆனால் எச்சத்தை அப்படியே நம்பிவிட முடியாது. ஒரு சிறு முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வர வேண்டும். 6 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600ல் ஒரு பங்கு) கூடுதலாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். 1805ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் வெளியிட்ட குறைந்த வர்க்க முறைப்படி (எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி சரிக்கட்டுவது), சம நம்பகமான மூன்று கோணங்களிலும் 2 விகலை குறையும். சரி. இப்போது ஒரு கோணத்தை மட்டும் 60 விகலை தப்பாகப் படித்திருந்தால்? அந்த 60 ஓரிடத்தில் நிற்காது. மூன்று கோணங்களும் ஆளுக்கு 20 விகலையைச் சுமக்கும். தப்பு செய்த கோணமும் ஒழுங்கான கோணங்களும் ஒரே முகத்தோடு நிற்கும்.

எனவே எச்சத்தை அதனதன் திட்ட விலக்கத்தால் (அது வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவால்) வகுத்துப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த நில அளவை அறிஞர் பார்டா 1968ல் இதை முறையாக்கினார். அவர் வழியில் பலரும் 3.29ஐ எல்லையாக வைக்கிறார்கள்; வகுத்து வருவது அதைத் தாண்டினால் சந்தேகம். கருவியின் துல்லியம் 2 விகலை என்றால் நம் முக்கோணத்தில் எச்சத்தின் விலக்கம் 1.15 விகலை. ஆக, 2 விகலை எச்சம் 1.7 ஆகிறது, கவலையில்லை. 20 விகலை எச்சமோ 17ஐத் தாண்டுகிறது. தப்பு இருப்பது உறுதி. ஆனால் மூன்றுக்கும் அதே 17 வருவதால் எதை நீக்குவது என்று தெரியாது. இன்னொரு நிலையத்தைச் சேர்த்து நாற்கரமாக்கி, இரண்டு மூலைவிட்டங்களையும் பார்த்தால்தான் ஆள் பிடிபடும்.

எச்சம் 0 என்று கண்டால் இன்னும் கவனமாக இருங்கள். ஒரே கோணம், ஒரே தூரம் வைத்துத் தொங்கும் புள்ளிக்கு எச்சம் எப்போதும் 0தான். அதைச் சோதிக்க வேறு அளவே எடுக்கவில்லை.