ஊசி போட்டது தோளில், வைரஸ் வந்தது மூக்கில்

திருகோணமலையில் கொவிட் வார்டில் வேலை செய்த தாதி அக்கா ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். 2021 ஓகஸ்டில் அவர் கேட்ட கேள்வி இது: "தம்பி, முதல் ஊசியே எங்களுக்குத்தான் போட்டவை. ரெண்டும் போட்டாச்சு. பிறகும் ஏன் பொசிட்டிவ் எண்டு வந்தது?" மூன்று நாள் காய்ச்சல், கொஞ்ச நாள் மணம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் ஊசி ஏமாற்றிவிட்டதோ என்ற கவலை அவருக்கு.

இலங்கையில் தடுப்பூசி 2021 ஜனவரி 29 அன்று சுகாதாரப் பணியாளர்களோடுதான் தொடங்கியது. முதலில் போட்டவர்களுக்கு முதலில் வலு குறையும். டெல்டா என்ற கொவிட் திரிபு உச்சத்துக்கு வந்தபோது பலருக்குக் குருதியில், வைரஸைப் பிடித்து முடக்கும் பிறபொருளெதிரிகளின் (antibodies) அளவு இறங்கியிருந்தது. நாள் முழுக்க நோயாளிகளின் மூச்சுக்கு நடுவே நிற்பவர்கள் வேறு. சரி, இது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை மூக்குக்குள் இருக்கிறது.

ஊசி போட்ட கிழமை தன் கமுக்கட்டில் நெறி கட்டியதாக அக்கா சொன்னார். அந்த நெறி, அதாவது வீங்கிய நிணநீர்க் கணுதான், பயிற்சிக்கூடம். அங்கே பீ கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் வைரஸின் முள்ளுப் புரதத்தைப் பார்த்துப் பழகி, பிறபொருளெதிரி செய்யும் ஆலைகளாகின்றன. அவை செய்வது பெரும்பாலும் ஐஜீஜீ (IgG) என்ற வகை. அது குருதியில் சுற்றும், நுரையீரலின் அடிவரை கசியும். மூக்கின் சளிக்கு வந்து சேர்வது மிகக் கொஞ்சம்.

மூக்கின் காவலாளி ஐஜீஏ (IgA) என்ற இன்னொரு வகைப் பிறபொருளெதிரி. இரண்டு ஐஜீஏக்களை வாலோடு வால் சேர்த்து ஒரு குட்டிப் புரதம் கட்டிவைக்கிறது. இந்தச் சோடி உருவாவது மூக்கின் உட்தோலுக்குக் கீழே. வேலையோ மேலே, சளியில். நடுவில் கலங்களின் சுவர். அந்தக் கலங்களின் அடிப்பக்கத்தில் ஓர் ஏற்பி, அதாவது சோடியைப் பிடித்துக்கொள்ளும் புரதம், காத்து நிற்கும். சோடி வந்து ஒட்டியதும் கலம் இரண்டையும் ஒரு குமிழிக்குள் இழுத்து, குறுக்காகக் கடந்து, மேல்பக்கத்தில் இறக்கும். திருகோணமலையிலிருந்து குடாவைக் கடந்த அந்தக் காலத்து மூதூர் லாஞ்ச் பயணம் போலத்தான். ஆனால் லாஞ்ச் திரும்பி வரும், ஏற்பி வராது. அக்கரையில் அது வெட்டுப்பட்டு, அதன் பெரும்பகுதி ஐஜீஏயைச் சுற்றிக்கொண்டு கூடவே போய்விடும். சளியிலுள்ள நொதியங்கள் ஐஜீஏயைச் சிதைக்காமல் காப்பதும் அந்தத் துண்டுதான். ஏற்றி வந்த வள்ளமே கவசமாகிவிடுகிறது! இதை முதன்முதலில் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

தோளில் போட்ட ஊசியால் கமுக்கட்டில் பயின்ற கலங்களுக்கு மூக்கின் விலாசம் பெரும்பாலும் தெரியாது. அதனால் வைரஸ் மூக்கில் கரையிறங்கிப் பெருகத் தொடங்கிவிடும். நினைவுக் கலங்கள் விழித்துப் புதுப்படை திரட்ட நாலைந்து நாள் வேண்டும். டெல்டா நோயைக் காட்ட நாலு நாளே போதும். ஆகவே காய்ச்சல் முந்திக்கொள்ளும். ஆனால் வைரஸ் நெஞ்சுக்குள் இறங்கப் பார்க்கும்போது அங்கே ஐஜீஜீ நிற்கும், பின்னாலேயே புதுப்படையும் வரும்.

தமிழ்நாட்டின் வேலூர் சீஎம்சி மருத்துவமனையில் இந்தியாவின் இரண்டாம் கொவிட் அலையின்போது எடுத்த கணக்கு இதைக் காட்டுகிறது. இரண்டு ஊசியும் போட்ட 7,080 பணியாளர்களில் 679 பேருக்குத் தொற்றியது. ஒக்சிசன் தேவைப்பட்டதோ நாலு பேருக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது இரண்டு பேர். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப என்ர ஊசி வேலை செய்ததுதானே?" என்றார். செய்தது அக்கா, நன்றாகவே செய்தது.

2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட்டைக் குணமாக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணி மருந்துக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததை நினைத்தால் இன்றும் மனம் நோகிறது. அந்தச் சனத்தைத் திட்டி என்ன பயன்? நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.2 சதவீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவழிக்காத இடத்தில், விளக்கம் சொல்ல ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? மூக்கிலேயே காவலாளியைப் பழக்கலாம் என்ற எண்ணத்தில் பாரத் பயோடெக் என்ற இந்திய நிறுவனம் செய்த மூக்குச் சொட்டுத் தடுப்பு மருந்துக்கு இந்தியா 2022இல் அனுமதி கொடுத்தது. நம் பல்கலைக்கழகங்களிலும் இந்த மூக்கு வழியில் பணம் போட வேண்டும் என்பேன். அப்படி ஒன்று நன்றாகத் தேறினால், முதல் சொட்டு அக்காவின் வார்டுக்குத்தான் போக வேண்டும்.