மாத்திரைச் சீட்டோடு ஒரு கூட்டத்தின் விலாசமும் வேண்டும்

குடிநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் குடும்பத்தார் கேட்பதெல்லாம் மாத்திரை பற்றித்தான். எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, செலவு எவ்வளவு. "சரி, நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு இவர் எங்கே இருப்பார்?" என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. ஆலோசகராக என் கவலை முழுவதும் அந்த ஆறு மணியைப் பற்றித்தான். அந்த நேரத்துக்குத்தான் குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஒரு கூட்டத்தின் விலாசமும் வேண்டும் என்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு வேலை இருக்கிறது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அப்புறம் இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலர் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார்கள், இல்லாத பூச்சியை மேலிருந்து தட்டிவிடுவார்கள். இது உயிரையே பறிக்கக்கூடியது. ஆகவே அறையில் பூட்டிப்போட்டுக் குடியை நிறுத்த முயலாதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். தூக்க மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து உடம்பைத் தேற்றிவிடலாம்.

உடம்பு தேறிய பிறகு வரும் வெறுமையான மாலைகளுக்கு ஊசி கிடையாது. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் மரத்தடிக்குப் போய் மதியத்துக்குள் வேலையை முடித்துவிடுவார். ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் தண்ணீர்மேல் இருந்துவிட்டு, கையில் பங்குப் பணத்தோடு கரையேறுவார். இருவரையும் கூப்பிடப் பழைய கூட்டாளிகள் காத்திருப்பார்கள். கூப்பிட வேறு ஆட்கள் வேண்டாமா?

அதற்குத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு இது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. தொழில் விஷயமாக அங்கே போய்த் தோற்றுப்போன ஒரு பங்குச்சந்தைக்காரருக்கு மறுபடி குடிக்கும் ஆசை வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் தேடியது இன்னொரு குடிநோயாளியை. கிடைத்தவர் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். இருவரும் பேசினார்கள். அந்தப் பேச்சுதான் இன்றுவரை ஏ.ஏ.யின் மருந்து. என்னைப் போன்றவர்கள் ஒரு மணி நேரம் சொல்வதைவிட, "நானும் தாலியை அடகு வச்சுக் குடிச்சவன்தான்" என்று ஒருவர் சொல்லும் ஒரு வரி ஆழமாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

"நாலுபேர் இருந்து பேசினா குடி நிக்குமா சார்?" என்று ஒரு அம்மா கேட்டார். பேச்சோடு அது முடிவதில்லை. பழைய உறுப்பினர் ஒருவர் புதியவருக்குத் துணையாக நின்று, நாக்கு தவிக்கும் நேரத்தில் கூப்பிடத் தன் செல்பேசி எண்ணைக் கொடுப்பார். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, விருப்பப்பட்டவர் போடும் சில்லறையில் டீச்செலவு ஓடும். குடியை விடவேண்டும் என்ற ஆசை மட்டும் போதும்.

நம் மாவட்டத்தில் இரண்டு தயக்கங்களை அடிக்கடி கேட்கிறேன். முதலாவது மதம். கூட்டங்கள் பல நேரம் தேவாலய வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடப்பதால், மதம் மாற்றிவிடுவார்களோ என்று சிலருக்குப் பயம். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. இடம் கிடைக்கும் கட்டடத்தில் கூடுகிறார்கள், அவ்வளவுதான். 'கடவுள்' என்று அங்கே சொல்வதை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது. குடித்துவிட்டு ரோட்டில் கிடந்ததை ஊரே பார்த்தது. திருந்தப் போவதைப் பார்ப்பதற்குத்தான் வெட்கம்! ஆனாலும் அந்த வெட்கம் நிஜமானது, அதோடு சண்டை போட வேண்டாம். தக்கலைக்காரர் நாகர்கோவிலுக்குப் போகட்டும், நாகர்கோவில்காரர் மார்த்தாண்டம் பக்கம் தேடட்டும். மலையாளம் புரிகிறவர்கள் களியக்காவிளை தாண்டியும் போகலாம். பஸ்ஸில் அரைமணி நேரம் கூடுதலாகப் போனாலும் வாயைத் திறந்து பேச முடிகிற இடம்தான் நல்ல இடம்.

எங்கே என்று யாரிடம் கேட்பது? மனநலப் பிரிவில் கேளுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, இரண்டும் இலவசம். குழுவின் தொடர்பாளர் எண் கிடைத்ததும் கிழமை, நேரத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், யாரும் கூடப் போகலாம். மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும். முதல் தடவை திறந்த கூட்டம் நல்லது. பின்வரிசையில் இருந்து கேட்டாலே போதும், பேசச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஒரு குழு ஒத்துவராவிட்டால் இன்னொன்றைப் பாருங்கள். ஒரே கூட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. 'அவருக்குத் தெரியாமச் சாப்பாட்டுல கலந்து குடுங்க' என்று யாராவது பொடியோ மாத்திரையோ தந்தால் வாங்காதீர்கள். அதில் குடியோடு சேர்ந்தால் உடம்பைப் படுத்தும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அவர் மேலே குடித்தும்விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை முழுச் சம்மதத்தோடு மருத்துவர் கண்காணிப்பில்தான் கொடுக்கவேண்டும். உங்களுக்கென்றே அல்-அனான் என்ற குடும்பத்தார் குழு இருக்கிறது. அவர் ஏ.ஏ.க்கு வர மறுத்தாலும் நீங்கள் தாராளமாகப் போகலாம்.

இடையில் வழுக்கிவிட்டால்? ஒருநாள் குடித்துவிட்டார் என்றால் மறுகூட்டத்துக்கே அனுப்புங்கள். அங்கே யாரும் விரட்டமாட்டார்கள், அவர்களில் பலரும் அப்படி வந்தவர்கள்தான். பல நாள் தொடர்ந்து குடித்து, நிறுத்தியதும் கை நடுங்குகிறது என்றால் கூட்டம் பிறகு, முதலில் ஆஸ்பத்திரி.