வெட்டுறதுக்கு முன்னாடி நனைச்சீங்களா?

போன சனிக்கிழமை ஒரு தம்பி என் தையல் கடைக்கு வந்தாப்ல. ஒரு கையில ரா ஜீன்ஸ் (தைச்சப்புறம் துவைக்காம அப்படியே விக்கற ஜீன்ஸ்), இன்னொரு கையில சின்ன பிளாஸ்டிக் கவர். கவருக்குள்ள ரெண்டு கால்லயும் வெட்டின பாட்டம் துண்டு. "அண்ணா, இதை மறுபடி ஜாயின்ட் போட்டுத் தைக்க முடியுங்களா?"

துண்டை எடுத்து கால் முனையில வெச்சுப் பாத்தேன். துண்டு கருநீலத்துல அட்டை மாதிரி விறைப்பா இருக்கு, ஜீன்ஸ் ஒரு தண்ணி பாத்து கலர் லேசா இறங்கியிருக்கு. நேர் கட் பேண்ட்தான், ஆனா துண்டோட சுத்தளவு கால் முனையை விட கிட்டத்தட்ட அரை இஞ்ச் பெருசு. அதாவது ஒரே துணி, ஒரு பாதி சுருங்கிடுச்சு, இன்னொரு பாதி சுருங்கல. இதை எப்படிங்க ஜாயின்ட் போடுறது? போட்டாலும் அடுத்த துவையல்ல துண்டு சுருங்கி தையல் இழுத்துக்கும்.

நடந்தது இதுதான். உள் உயரம், அதாவது தொடை இடுக்குலேர்ந்து கால் முனை வரைக்கும், 34 இருந்துச்சு, அவருக்கு 31 போதும். பார்சல் வந்த அன்னைக்கே, வேற எங்கயோ குடுத்து 3 இஞ்ச் குறையற மாதிரி வெட்டி மடிச்சு அடிச்சுட்டாப்ல. அப்புறம் வீட்டுல சுடுதண்ணில முக்கியிருக்காங்க. இப்ப அளந்தா 28½. இந்த மாசத்துல இது மூணாவது கேஸ், அதனாலதான் கடையை சாத்திட்டு உக்காந்து டைப் பண்றேன்.

இதுல பெரிய கூத்து என்னன்னா அதே வாரத்துல நேர் எதிரா இன்னொருத்தர் வந்தாரு. ரா டெனிம்னா சுருங்கும்னு யாரோ சொன்னதைக் கேட்டு, 32 இடுப்புக்கு 34 சைஸ் வாங்கி, ரெண்டு தடவை கொதிக்கிற தண்ணிய ஊத்திட்டாரு. அது சுருங்கற மாதிரி இல்ல. கால் உயரம் முக்கால் இஞ்ச் குறைஞ்சிருக்கு, இடுப்பு அப்படியே தொளதொளன்னு நிக்குது. "துணி டூப்ளிகேட்டா அண்ணா?"ன்னு கேக்கறாரு. டூப்ளிகேட் இல்லீங்க. அது ஏற்கெனவே சுருக்கி வந்த துணி, அந்த விஷயத்தை லேபிள்லயே போட்டிருக்கான்.

சரி, இந்தக் குழப்பத்தை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்லிடறேன், ஏன்னா எல்லாத் தப்பும் இங்கதான் ஆரம்பிக்குது. "ரா"ங்கறது ஒரு கேள்விக்குப் பதில், "சுருக்கினதா"ங்கறது வேற கேள்வி. ரான்னா சாயம் ஏத்தி நெய்து தைச்சதுக்கு அப்புறம் அந்த ஜீன்ஸை யாரும் துவைக்கல, கல்லு போட்டு வாஷ் பண்ணல, இண்டிகோ நீலச்சாயம் அப்படியே இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். தைக்கறதுக்கு முன்னாடி மில்லுல துணியை மெஷின்ல விட்டு சுருக்கினாங்களா இல்லையாங்கறதைப் பத்தி ரான்னு சொல்ற வார்த்தை ஒண்ணும் சொல்லல. சுருக்கினதுக்குப் பேரு சான்ஃபரைஸ்டு. சுருக்காததுக்கு அன்சான்ஃபரைஸ்டு, சில பேரு லூம்ஸ்டேட்னு போடுவான், லீவைஸ் 501ல ஷ்ரிங்க்-டு-ஃபிட்னு போடுவான். சான்ஃபரைஸ் பண்ண துணியும் ராவா இருக்கலாம், இன்னைக்கு விக்கற ரா ஜீன்ஸ்ல பெரும்பாலும் அதுதான். "சான்ஃபரைஸ் பண்ணிட்டா அது ரா இல்லண்ணா"ன்னு எனக்கே பாடம் எடுக்கறாங்க, சிரிப்புத்தான் வருது. இன்னும் சில பேரு ஓரத்துல சிவப்புக் கோடு இருந்தா சுருங்கும்னு நம்பறாங்க. அது செல்வெட்ஜ், பழைய ஷட்டில் தறில நெய்த துணியோட கரை. உங்க வேட்டிக்கும் கரை இருக்கு. கரைக்கும் சுருக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

உங்க அம்மாகிட்ட கேளுங்க. பிளவுஸ் தைக்கக் குடுக்கும்போது லைனிங் துணிய நனைச்சுக் காய வெச்சுத்தான் குடுப்பாங்க. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கணும்னா அதையும் ஒரு தடவை தண்ணில முக்கி எடுப்பாங்க. காட்டன் கோடித்துணி தண்ணி பட்டா இழுத்துக்கும்னு அவங்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்கல. முப்பது ரூபா லைனிங்குக்கு இருக்கற மரியாதை பத்தாயிரம் ரூபா ஜீன்ஸுக்கு இல்லாமப் போச்சு.

எங்க மாமா சோமனூர்ப் பக்கம் சைசிங் மில்லுல வேலை பாத்தவரு. தறில பாவு நூலு, அதாவது நீளவாக்குல ஓடற நூலு, டைட்டா இழுத்துக் கட்டியிருக்கும், மேல கஞ்சி வேற போட்டிருக்கும், தண்ணி பட்டதும் விட்டுச்சுடா சாமின்னு சுருங்கி உக்காந்துக்கும்னு சொல்லுவாரு. ஜீன்ஸ்ல பாவு கால் நீளத்துக்கு ஓடுது, அதனால உயரத்துலதான் அடி பலமா விழும், குறுக்க ஓடற ஊடைப் பக்கம் அகலத்துல கம்மி. சுருக்காத டெனிம் 7லேர்ந்து 10 சதவீதம் வரை உயரத்துல இழுக்கும். 8 சதவீதம்னே வைங்க, 34 இஞ்சுக்கு 2¾ இஞ்ச் போயிடும். சுருக்கின துணி 1லேர்ந்து 3 சதவீதம், அதிகபட்சம் ஒரு இஞ்ச். இடுப்பும் சுருங்கும், ஆனா போட்டு உக்காந்து எந்திரிச்சா ஒரு இஞ்ச் மாதிரி திரும்ப விட்டுக் குடுக்கும். உயரம் போனா போனதுதான், திரும்பி வராது.

இந்த சுருக்கற வேலைய கண்டுபிடிச்சவரு சான்ஃபோர்ட் கிளூயட், அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்துல டிராய்ங்கற ஊரு. 1930ல பேடன்ட். அவரு இருந்த கம்பெனி ஜீன்ஸ் கம்பெனியே இல்லீங்க, சட்டையும் காலரும் பண்ற கம்பெனி. துவைச்சா காலர் சுருங்கி கழுத்தை நெரிக்கும், அந்தத் தலைவலிக்குத்தான் இந்த மெஷின். ஈரப்பதம் குடுத்து, இழுத்து விட்ட ரப்பர் பெல்ட்டு மேல துணிய ஓட்டி, பெல்ட்டு தளரும்போது துணியையும் சேத்து நெருக்கி, சூடான உருளைல காய வெச்சுடுவாங்க. திருப்பூர்ல பனியன் துணிக்கு காம்பாக்டிங் போடறதும் கிட்டத்தட்ட இதே நோக்கம்தான். வீட்டு பக்கெட்ல நடக்க வேண்டிய சுருக்கம் மில்லுலயே நடந்து முடிஞ்சிருது.

அப்ப எது வாங்கறது? முதல் தடவை ரா ஜீன்ஸ் வாங்கறீங்கன்னா, ஆன்லைன்ல வாங்கறீங்கன்னா, சான்ஃபரைஸ்டு வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம். போட்டுப் பாத்து இடுப்பு கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருந்தா அதுதான் உங்க சைஸ். பெருசா வாங்காதீங்க. சுருக்காததோட ருசி வேற, அதை நான் இல்லேன்னு சொல்லல. துணில மேடு பள்ளம் தெரியும், முடி முடியா இருக்கும், கலர் இறங்கும்போது ஒரு அழகு வரும், நனைஞ்சப்புறம் நெருங்கி கனமும் கூடும், 14 அவுன்ஸ்னு (ஒரு சதுர கெஜத் துணியோட எடை) வாங்கினது 15க்கு மேல நிக்கும். நம்ம ஊரு ஏப்ரல் மாச வெயில்ல அது வேணுமாங்கறதை நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. கால் தையல் முறுக்கிக்கிட்டு முன்னாடி வந்து நிக்கறதும் இதுல ஜாஸ்தி. அது டெய்லர் தப்பு இல்ல, என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.

சுருக்காததுதான் வேணும், ஆனா இந்தக் கணக்கெல்லாம் முடியாதுன்னா ஒன் வாஷ்னு போட்டது தேடுங்க. ஜப்பான்காரங்க அப்படி நிறைய விக்கறாங்க, ஒரு தடவை நனைச்சு சுருக்கி விட்டுட்டுத்தான் கடைக்கு அனுப்புவாங்க. வாங்கும்போது சைஸ் சார்ட்ல நனைக்கறதுக்கு முன்ன அளவா, பின்ன அளவான்னு பாருங்க. ரெண்டும் போடாத கடையா, மெசேஜ் போட்டுக் கேளுங்க. பதில் சொல்லத் தெரியலேன்னா வாங்காதீங்க. தடவிப் பாத்தே சொல்லிடுவேன்னு யாராவது சொன்னா நம்ப வேண்டாம், கஞ்சி விறைப்புல எனக்கே சில சமயம் தப்பும். ஜிப் வெச்சதா பட்டன் வெச்சதான்னு வேணா பாக்கலாம். சுருங்கற துணில ஜிப் வெச்சா துணி இழுத்துக்கும், ஜிப் டேப் இழுக்காது, பாம்பு மாதிரி வளைஞ்சு நிக்கும், அதனால அதுல பெரும்பாலும் பட்டன்தான். பட்டன் இருக்கறதெல்லாம் சுருங்கும்னு திருப்பி மட்டும் போட்டுடாதீங்க.

நனைக்கற விதம். பட்டன் எல்லாம் போட்டு, உள்பக்கம் வெளிய திருப்பி, கீசர் சுடுதண்ணில ஒரு மணி நேரம் முக்கி வைங்க. சோப்பு வேண்டாம். மிதக்கும், மேல ஒரு செம்பு வெயிட்டு வைங்க. முறுக்கிப் பிழியாதீங்க, இடுப்பைப் பிடிச்சு நிழல்ல தொங்க விடுங்க. சுருக்காத துணியா, காஞ்சப்புறம் இன்னொரு தடவை இதையே பண்ணுங்க, முதல் தண்ணில எல்லாம் முடியறதில்ல. சுருக்கினதா, ஒரு தடவை போதும், ஆனா அந்த ஒரு தடவைய விடாதீங்க, அந்த ஒரு இஞ்ச் உங்க கணுக்காலுக்கு முக்கியம். லைக்ரா கலந்த ஸ்ட்ரெட்ச் துணிக்கு சுடுதண்ணி ஆகாது, பச்சத்தண்ணி. அப்பா வேட்டி ஊற வெச்ச பக்கெட் பக்கமே போகாதீங்க, அதை நான் சொல்லணுமா என்ன.

அப்புறமா போட்டுப் பாத்து, நீங்க வழக்கமா போடற செருப்போ ஷூவோ போட்டு நின்னு, அதுக்கப்புறம் வெட்டுங்க. வெட்டற துண்டைத் தூக்கிப் போடாதீங்க, ரெண்டு வருஷம் கழிச்சு தொடை இடுக்குல கிழியும்போது அதே கலர்ல ஒட்டு போட அதைத்தான் தேடுவேன். என் கடைல இனிமே புது ரா ஜீன்ஸ் வந்தா "நனைச்சீங்களா?"ன்னு கேட்டுட்டுத்தான் இஞ்ச் டேப்பை எடுப்பேன். இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவேன், கோச்சுக்கக் கூடாது. 2011ல நானே ஒருத்தரோட ஜீன்ஸை இப்படி அவசரப்பட்டு வெட்டி, அவரு ஒண்ணும் சொல்லாம அதை எடுத்துட்டுப் போய் ஷார்ட்ஸா வெட்டிப் போட்டுக்கிட்டாரு. இப்பவும் காலைல வாக்கிங்ல எதிர்ல அந்த ஷார்ட்ஸோடதான் வர்றாரு.

பிளாஸ்டிக் கவர் தம்பிக்கு உள்மடிப்பு முழுசையும் பிரிச்சு, கீழ பட்டி குடுத்து, ஒரு இஞ்ச் மீட்டுக் குடுத்திருக்கேன். 29½. கண்ணாடில கால் பக்கம் ரொம்ப உத்துப் பாக்காதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

இன்னொண்ணு, காய வெச்சுக் கொண்டு வாங்க சாமிகளா. போன வாரம் ஒருத்தர் ஈரத்தோட கொண்டாந்து டேபிள் மேல போட்டாரு, கீழ ஒரு கல்யாண மாப்பிள்ளையோட வெள்ளைச் சட்டைத் துணி இருந்துச்சு.